ஒரு கையெழுத்தா, ஏழு கையெழுத்தா?

கேள்வி: எனக்கு 33 வயது. சேலம் அழகாபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் ஆறு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், மனைவி பள்ளி ஆசிரியை. மகள் பக்கத்திலேயே படிக்கிறாள் என்பதால் இந்தத் தெருவிலேயே வீடு வாங்க ஆசை. ஆனால் தெருவில் பாதி வீட்டில் வயதான இரண்டு பேர், அல்லது ஒருவர். மீதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. விற்கவும் மாட்டேன் என்கிறார்கள். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் கருப்பூர் பக்கம் மனை, இல்லாவிட்டால் அபார்ட்மெண்ட். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன், "இங்கேயும் இதே கதைதான். பத்து வருஷத்தில் பெரியவங்க வீடெல்லாம் மார்க்கெட்டுக்கு வரும், விலை இறங்கும், பொறு" என்கிறான். எங்கள் ஹவுஸ் ஓனரும் ரிடையர்டு வாத்தியார், 75 வயது. ஆத்தூரில் என் அப்பா அம்மா சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள், பிறகு அவர்களும் எங்களோடு வந்துவிடலாம். பொறுக்கலாமா, கருப்பூரில் வாங்கிவிடலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர், சேலம்)

பதில்: தம்பி, கடிதத்தைப் படித்ததும் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அழகாபுரத்தில் பெரியவர்கள் வீட்டை விட மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதிய அதே கையால், ஆத்தூரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆத்தூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு பையன் உங்கள் அப்பாவைப் பற்றி இதே கடிதத்தை யாருக்காவது எழுதிக்கொண்டிருப்பான். அந்த வீட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். கருப்பூருக்கு ஓடவும் வேண்டாம். நீங்கள் இன்னும் விலை கேட்டுப் பார்க்காத வீடு ஒன்று உங்கள் காலுக்குக் கீழேயே இருக்கிறது.

நான் வக்கீலும் இல்லை, புரோக்கரும் இல்லை. வங்கிக் கடனுக்காக வீட்டை அளந்து மதிப்புப் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் டேப்பும் கையுமாகத் திரிகிறேன். யார் வீட்டில் எத்தனை அறை, அதில் எத்தனை அறையில் ஆள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்காமலே கண்ணில் படும் தொழில் இது.

போன வருஷம் உங்கள் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்குப் போனேன். விற்பனைக்கு இல்லை. பேரன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான், விசாவுக்குச் சொத்து மதிப்புச் சான்று வேண்டுமாம். வீட்டில் 76 வயது அம்மா மட்டும். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். கீழ்த்தளம் முடிந்ததும், "மாடிங்கம்மா?" என்றேன். "நான் ஏறி நாலு வருஷம் ஆச்சு. சாவி அந்த ஆணியில தொங்கும் பாருங்க" என்றார். சாவி தொங்கியது, பூட்டுதான் திறக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தோம். உள்ளே மூன்று அறை. மகன் காலேஜுக்கு ஓட்டிய சைக்கிள், சுருட்டி வைத்த பவானி ஜமக்காளம், சுவரில் 2011 காலண்டர். மாடி மீட்டரில் யூனிட் ஓடவே இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் எதிர்வீட்டுப் பையன் குரல் கொடுப்பானாம், அப்புறம்தான் மோட்டாரை நிறுத்துவாராம்.

"வாடகைக்கு விடலாமேம்மா."

"விட்டேன். மூணு மாசம் வாடகை நின்னுபோச்சு. கேக்கலாம்னா படி ஏற முடியலை."

"வித்துடலாமே."

"வித்துட்டு எங்க போறது?"

உங்கள் கேள்வி முழுக்க அந்த அம்மாவின் கடைசி வரியில்தான் சிக்கியிருக்கிறது. அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சொர்ணபுரி, அய்யந்திருமாளிகை பக்கமெல்லாம் எழுபது எண்பதுகளில் வாத்தியார்களும், வங்கி ஊழியர்களும், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களும் கடன் போட்டுக் கட்டிய வீடுகள் ஏராளம். 1983-ல் முப்பத்தைந்து வயதில் மனை வாங்கினவருக்கு இன்றைக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்கு நாலு அறை வேண்டியதில்லை. வேண்டியது படி ஏறாத இரண்டு அறை, கூப்பிடு தூரத்தில் மருந்துக்கடை, ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, நடந்து போகிற தூரத்தில் கோயில். இப்படி ஒன்றை இந்த ஊரில் யார் கட்டுகிறார்கள்? பில்டர்களும் உங்களைப் போன்ற இளசுகளை நினைத்துத்தான் கட்டுகிறார்கள், கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. பெரியவருக்குப் போக ஒரு சின்ன வீடு கிடைக்காதவரை அவருடைய பெரிய வீடு உங்களுக்குக் கிடைக்காது.

வீட்டை விற்காமலே அதிலிருந்து மாதப் பணம் வாங்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. அறுபது வயது கடந்தவர்கள் குடியிருக்கும் வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007-ல் வந்தது. இத்தனை வருஷத்தில் அதற்கு மதிப்புப் போட என்னைக் கூப்பிட்டது இரண்டே தடவை. இரண்டும் மகனுக்கு விஷயம் தெரிந்ததும் நின்றுபோனது.

அமெரிக்கத் தம்பி சொல்வது அவர் ஊர் வரைக்கும் பொருந்தலாம். 1946-க்கும் 1964-க்கும் இடையில் பிறந்த தலைமுறை அங்கே பெரிய வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. மாறாத மூன்று சதவீத வட்டியில் முப்பது வருஷக் கடன் வைத்திருக்கும் ஆள், 2023-ல் வட்டி ஏழு சதவீதத்தைத் தாண்டிய பிறகு எதற்கு வீடு மாற்றுவார்? மாற்றினால் புதுக் கடனுக்குப் புது வட்டி. அங்கே பூட்டு வட்டியில் இருக்கிறது. வட்டி இறங்கினால் கொஞ்சம் திறக்கும்.

உங்கள் வாத்தியாருக்கு வீட்டின் மேல் ஒரு பைசா கடன் இருக்காது. வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான். அறைகளைப் பூட்டி வைக்கவும் பெரிய செலவு கிடையாது. மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், வருஷத்துக்கு ஒருதரம் கறையான் மருந்து. அவர் காலத்துக்குப் பிறகும் இதே கணக்குத்தான். பெங்களூரில் ஒரு மகன், கோயம்புத்தூரில் ஒரு மகள் என்று இருந்தால் அவர்களுக்கும் அவசரம் இருக்காது. அவசரம் இல்லாதவன் விலையைக் குறைக்க மாட்டான், தம்பி.

"வயசானவங்க எண்ணிக்கை கூடினா வீடு தானா காலியாகும்" என்பது பாதி உண்மை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் அது பதினெட்டு ஆகும் என்று அரசின் கணிப்பு. வீடுகள் காலியாகத்தான் போகின்றன. எங்கே என்பதுதான் கேள்வி. ஜப்பானில் 2023-ல் எண்ணியபோது ஆளில்லாத வீடுகள் 90 லட்சம், மொத்தத்தில் 13.8 சதவீதம். ஆனால் டோக்கியோவில் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் விட்டுப் போன ஊரில் வீடு சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் வந்து சேரும் ஊரில் இடம் இல்லை. நம் மாவட்டத்திலும் பூட்டிய வீடு மலிவாகக் கிடைக்கப்போவது தலைவாசல், கெங்கவல்லி பக்கத்துக் கிராமங்களில். உங்கள் மகளின் பள்ளிக்கூடத் தெருவில் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரியவர்கள் வீட்டை வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, வாங்குபவர்களும் அவர்களே. பெங்களூரிலும் சென்னையிலும் ரிடையர் ஆகி, பி.எஃப். பணத்தோடு சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களை நான் கன்னங்குறிச்சி, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். கையில் முழுப்பணம், கடன் வேண்டாம், பத்து நாளில் கிரயம். நீங்களோ கடன் சாங்ஷன் ஆக ஒரு மாதம் கேட்பீர்கள். விற்பவர் யாருக்குக் கொடுப்பார்? (ஏற்காட்டு மலை மேலே இருக்கும் பங்களாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். வருஷத்தில் பதினோரு மாசம் வாட்ச்மேன்தான் அங்கே குடித்தனம்.)

சரி, ஏன் பொறுக்கக் கூடாது என்பதற்கு என் முக்கியமான காரணம் விலை இல்லை, காகிதம்.

குகையில் ஒரு வீடு. பழைய நெசவாளர் வீடு, குழித்தறி இருந்த இடத்தை மண் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பெரியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். உங்களை மாதிரி ஒரு ஜோடி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என்னை அளக்கக் கூப்பிட்டார்கள். வாரிசுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ஏழு பெயர். மனைவி, மூன்று மகன், இரண்டு மகள். இன்னொரு மகள் முன்பே தவறிவிட்டதால் அவருடைய பங்கு அவர் பெண் குழந்தைக்கு, அதுவும் மைனர். துபாயில் ஒரு மகன். அவர் தன் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட பவர் எழுதி அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். மைனர் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும். மூத்த மகன், "அப்பா உசுரோட இருக்கறப்பவே எனக்குத்தான்னு வாயால சொன்னாரு" என்று ஆரம்பித்தார். இரண்டு வருஷம் போனது. அட்வான்ஸ் திரும்பி வந்தது, வட்டி வரவில்லை. அந்த ஜோடி இப்போது சீலநாயக்கன்பட்டிக்கு அப்பால் வாங்கிக் குடியேறிவிட்டது. குகை வீட்டுக் கதவில் இன்னும் பூட்டு.

இதையே அந்தப் பெரியவர் இருந்தபோது வாங்கியிருந்தால்? அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, அவர் ஒருவர் கையெழுத்துப் போதும். பூர்வீகமாக வந்தது என்றால் கதை வேறு. பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க. அதனால் முதலில் தாய்ப் பத்திரத்தைப் பாருங்கள், வீடு எந்த வழியாக அவர் கைக்கு வந்தது என்று. நீங்கள் பத்து வருஷம் பொறுத்தால் இன்றைக்கு ஒரு கையெழுத்தில் முடிகிற காரியத்துக்கு ஏழு கையெழுத்து தேடி அலைவீர்கள்.

அப்படியென்றால் எப்படிக் கேட்பது? "சார், வீட்டை விக்கறீங்களா?" என்று படியிறங்கியதும் கேட்டால் அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். அவர் எங்கே போவார் என்பதற்கு நீங்கள் ஒரு பதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். எனக்குத் தெரிந்து நன்றாக முடிந்த ஒரு கிரயத்தில், வாங்கிய பையன் தன் வீட்டைத் தேடுவதற்கு முன்னால் பெரியவருக்கு வீடு தேடினான். அஸ்தம்பட்டியில் லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்டில் முதல் தளம், இரண்டு அறை, ஜெனரேட்டர் உண்டா என்பது வரை விசாரித்து, பெரியவரையும் அவர் மனைவியையும் காரில் கூட்டிப்போய்க் காட்டினான். அந்த அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்து, "வெயில் வருது" என்றாராம். அதற்குப் பிறகு எட்டு மாசம் ஆனது, ஆனாலும் முடிந்தது.

அக்ரிமெண்ட் போட்டுக் காலி செய்ய ஆறு மாசமோ ஒரு வருஷமோ அவகாசம் கொடுங்கள், அந்த அக்ரிமெண்டைப் பதிவும் செய்துவிடுங்கள். கிரயம் முடித்த பிறகும் அவர்கள் கீழே வாடகைக்கு இருக்கட்டும், நாம் மாடியில் தொடரலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதுவே பொருந்தலாம், இருவரும் ஏற்கனவே ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் வங்கியிடம் முதலிலேயே சொல்லி, வாடகை ஒப்பந்தத்தைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். சட்டப்படி அவர்கள் கையெழுத்து தேவைப்படாவிட்டாலும் சாட்சியாகவாவது போடச் சொல்லுங்கள். எழுபத்தைந்து வயதுக்காரரிடம் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டான் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியாத உடல்நிலை என்றால், மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்வார். பல பேருக்கு இது தெரியாது.

வரி பயம் அவரைத் தடுக்கலாம். 1983-ல் சில ஆயிரத்துக்கு வாங்கியது, இன்று லட்சக்கணக்கில் விற்றால் அத்தனையும் லாபம்தானே என்று நினைப்பார். அப்படி இல்லை. 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த வீடு என்ன விலை பெற்றிருக்கும் என்று மதிப்பிட்டு அதையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். என் வருமானத்தில் ஒரு பகுதி அந்த ரிப்போர்ட்டில்தான் வருகிறது. மிச்ச லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் விலைவாசி உயர்வைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம், எது குறைவோ அது. லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் அந்தத் தொகைக்கு வரியே இல்லை. ஒரு ஆடிட்டரை அவரோடு உட்கார வையுங்கள், அந்த ஃபீஸை நீங்களே கொடுத்தாலும் தப்பில்லை.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. நாற்பது வருஷக் கட்டடத்துக்கு நான் பெரிதாக மதிப்புப் போட மாட்டேன், பெரும்பாலும் மனையின் விலைதான். கடன் முடியும்வரை கட்டடத்துக்கு ஆயுள் மிச்சம் இருக்குமா என்று வங்கி கேட்கும், அதனால் தவணைக் காலம் குறையலாம். மாடிக்கு பிளான் அப்ரூவல் இல்லாவிட்டால் அந்த மாடி என் ரிப்போர்ட்டில் பூஜ்யம், நீங்கள் அதில் ஆறு வருஷம் குடியிருந்திருந்தாலும். 90 லட்சத்துக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்வரைதான் கொடுக்கலாம், அதாவது 72 லட்சம். மீதி 18 உங்களுடையது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 8 லட்சத்து 10 ஆயிரம், அதையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். 26 லட்சம் ரொக்கம் இல்லாமல் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

புது அபார்ட்மெண்ட் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை இதே கட்டணம் மொத்தமே 6 சதவீதம். இளசுகள் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பழைய வீட்டை வாங்கினால் மனை முழுக்க உங்களுடையது. பின்னால் இடித்துக் கட்ட நினைத்தால் 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை இரண்டு தளம் கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது.

வாத்தியார் முடியாது என்று சொல்லிவிட்டால்? அதே தெருவில் இன்னும் பத்து வீடு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு "எங்க போறது" இருக்கிறது. ஒரு வருஷம் முயன்று பாருங்கள். அதற்குள் அமையவில்லை என்றால் கருப்பூரில் வாங்குங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இனி ஆத்தூர். உங்களுக்கு ஒரு தங்கையோ அக்காவோ இருக்கிறாரா என்று எழுதவில்லை. அப்பா அம்மா சேலம் வந்துவிடுவார்கள் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள், அவர்களிடம் கேட்டீர்களா என்றும் எழுதவில்லை. அவர்கள் வந்தால் அந்த வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அப்பாவே உட்கார்ந்து எழுதட்டும். உயில் எழுதலாம். அல்லது ஆயுள் வரை தானும் அம்மாவும் அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அவசரப்படுத்தி மொத்தத்தையும் உங்கள் பெயருக்கு எழுதி வாங்க வேண்டாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் வருஷ மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவர் கோட்டாட்சியரிடம் போய் ரத்து செய்யக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அடுத்த முறை ஆத்தூர் போகும்போது பீரோவைத் திறந்து தாய்ப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் போகிற வீடுகளில் அது பாதி நேரம் எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு அடியில், ஏதோ ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருக்கும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.